8 ஜிபி ரேம் என்று வாங்கிய கம்ப்யூட்டரில் 5.9 காட்டினால் எதை நம்புவது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், பின்னால் படிக்கிறவர்களுக்கும் உதவும். புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு பார்க்கிறீர்கள். ஆலை அலுவலகத்துக்காகக் காரைக்குடியில் ஒரு செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் வாங்கியிருக்கிறீர்கள். ரைசன் ப்ராசஸர், விண்டோஸ் 10, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை, ரேம் 8 ஜிபி என்று சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது ஓர் இடத்தில் 8 என்கிறது, அதே வரியில் அடைப்புக்குள் 5.9 என்கிறது, இன்னோர் இடத்தில் 1.7, வேறோர் இடத்தில் 11க்கு மேல். "ரேம் எவ்வளவு இருக்கிறது என்று எங்கே பார்ப்பது" என்று கேட்டிருக்கிறீர்கள், ஆனால் ஏற்கெனவே நாலு இடத்தில் பார்த்துவிட்டீர்கள். இந்த நாலில் எதை நம்புவது, கடையில் ஏமாந்துவிட்டோமா, டேலி கணக்கு சாஃப்ட்வேர் இழுக்கிறதே, இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போட்டால் சரியாகுமா, இதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நேரடிப் பதில்: நீங்கள் கொடுத்த எண்களைப் பார்த்தால் 8 ஜிபி உள்ளே இருக்கிறது. நான் காரைக்குடியில் பல வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன், ஆலை, நகைக்கடை, பள்ளிக்கூடம், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை என்று எல்லா இடத்து மெஷினும் கைக்கு வரும், ரைசன் மெஷினில் 8க்கு 5.9 காட்டுவது அடிக்கடி பார்ப்பதுதான். அந்த நாலு எண்ணும் நாலு வேறு கேள்விகளுக்கான பதில். எவ்வளவு மாட்டியிருக்கிறது, அதில் விண்டோஸின் கைக்கு வந்தது எவ்வளவு, இந்த நிமிடம் கொடுக்கத் தயாராக இருப்பது எவ்வளவு, டிஸ்க்கிலிருந்து கடன் வாங்கியதையும் சேர்த்தால் எவ்வளவு. நாலையும் ஒரே கணக்காக நினைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

இந்த நாலையும் ஒரே பக்கத்தில் பார்க்க ஒரு வழி இருக்கிறது, நான் எந்த மெஷின் வந்தாலும் முதலில் அங்கேதான் போவேன். விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஆர் தட்டுங்கள், சின்னதாக ஒரு பெட்டி வரும். அதில் எம் எஸ் ஐ என் எஃப் ஓ 3 2 என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் அடித்து என்டர் கொடுங்கள். சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற பக்கம் திறக்கும், கொஞ்சம் கீழே போனால் "இன்ஸ்டால்டு ஃபிசிக்கல் மெமரி" என்று ஒரு வரி. மாட்டியிருப்பது எவ்வளவு என்பதற்கு இந்த வரிதான் பதில், உங்களுக்கு இதில் 8.00 என்று இருக்க வேண்டும். அடுத்து "டோட்டல் ஃபிசிக்கல் மெமரி", இதுதான் 5.9. அதற்குக் கீழே "அவைலபிள் ஃபிசிக்கல் மெமரி", 1.7 என்று பார்த்தீர்களே, அது. அப்புறம் "டோட்டல் வெர்ச்சுவல் மெமரி", அந்தப் 11. இதில் 5.9ஓடு பேஜ் ஃபைலும், அதாவது ரேம் போதாதபோது பயன்படுத்த டிஸ்க்கில் ஒதுக்கிய இடமும் சேர்ந்திருக்கிறது, அதனால் இதை ரேம் என்று எண்ணவே கூடாது. டாஸ்க் மேனேஜரில் "கமிட்டட்" என்ற இடத்தில் சாய்கோட்டுக்குப் பின்னால் வருவதும் இதே எண்தான். அதைப் பார்த்துவிட்டு "நான் 8 கேட்டேன், 11 போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்" என்று சந்தோஷமாக வந்தவர்களும் உண்டு.

முதல் வரியை ஏன் நம்பலாம் என்று சொல்லிவிடுகிறேன். ரேம் ஸ்டிக் ஒவ்வொன்றிலும் பெரிய கருப்புச் சில்லுகளோடு ஒரு சின்னச் சில்லும் இருக்கும், அந்த ஸ்டிக் எத்தனை ஜிபி, என்ன வேகம், யார் தயாரித்தது என்ற விவரங்களை அதில் எழுதி வைத்திருப்பார்கள். பவர் பட்டனை அமுக்கியதும், விண்டோஸ் வருவதற்கு முன்பே, மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருள், ஸ்டிக் மாட்டும் ஒவ்வொரு ஸ்லாட்டாகப் போய் அந்தச் சில்லைப் படிக்கும், படித்ததை வைத்து ரேமை இயக்கிப் பார்த்துவிட்டுத்தான் மேலே போகும். விண்டோஸ் தானாக எதையும் எண்ணுவதில்லை, பயாஸ் கொடுத்த பட்டியலைத்தான் நமக்குக் காட்டுகிறது. ஆகவே பயாஸ் திரையிலும் சிஸ்டம் இன்ஃபர்மேஷனிலும் ஒரே எண் வந்தால் மாட்டியிருப்பது அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்ளலாம். டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவா டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் எஃப்1, அசெம்பிள் செய்த மெஷினில் டெலிட் கீ, ஆன் செய்தவுடன் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். முதல் பக்கத்திலேயே மெமரி என்று எழுதியிருக்கும்.

சரி, 8க்கும் 5.9க்கும் நடுவில் போன 2.1 எங்கே? இங்கே ஒரு பழக்கம் சொல்லித் தருகிறேன், இருக்கிற எண்ணைப் பார்க்காமல் குறைகிற எண்ணைப் பாருங்கள், காரணம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். டாஸ்க் மேனேஜரைத் திறங்கள், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் போதும். பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. வலது கீழ்ப்பக்கம் "ஹார்ட்வேர் ரிசர்வ்டு" என்று ஒரு வரி இருக்கும். அங்கே 100 எம்பி, 200 எம்பி என்று இருந்தால் சாதாரணம், அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 2 ஜிபியை ஒட்டி இருந்து, ரைசன் மாதிரி கிராஃபிக்ஸும் சேர்ந்தே வரும் ப்ராசஸராகவும் இருந்தால், அது திரைக்காக எடுத்து வைத்தது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதற்கென்று தனி மெமரி கார்டிலேயே இருக்கும். உங்கள் மெஷினில் அது இல்லை, அதனால் ஆன் ஆகும்போதே பயாஸ் ரேமிலிருந்து ஒரு பங்கை வெட்டி கிராஃபிக்ஸுக்குக் கொடுத்துவிடுகிறது, மிச்சத்தைத்தான் விண்டோஸிடம் ஒப்படைக்கிறது. உங்களுக்கு இதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். மெஷினை நேரில் பார்க்காததால் "நினைக்கிறேன்" என்கிறேன், ஆனால் 2.1 என்ற எண் இதற்குத்தான் பொருந்துகிறது.

மற்ற காரணங்களின் எண்களும் வேறு மாதிரி இருக்கும். குறைவது சரியாகப் பாதி என்றால், அதாவது 8 என்று காட்டிக்கொண்டே 4ஐ மட்டும் கொடுத்தால், ஒரு ஸ்டிக் சரியாக உட்காரவில்லை அல்லது ஸ்லாட்டில் அழுக்கு என்று சந்தேகப்படுவேன். மிச்சம் 3.2, 3.4 என்று நின்றால் அது 32 பிட் விண்டோஸ், எத்தனை ஸ்டிக் போட்டாலும் அதற்கு மேல் ஏறாது. 32 பிட் முகவரியால் மொத்தம் 4 ஜிபி இடத்தைத்தான் சுட்ட முடியும், அதிலும் ஒரு பகுதியை மற்ற உறுப்புகள் எடுத்துக்கொள்கின்றன. செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் பக்கத்தில் "சிஸ்டம் டைப்" என்ற வரியில் 32 பிட்டா 64 பிட்டா என்று இருக்கும். விண்டோஸ் பதிப்புக்கும் எல்லை உண்டு, விண்டோஸ் 7 ஸ்டார்ட்டருக்கு 2 ஜிபி, 7 ஹோம் பேசிக் 64 பிட்டுக்கு 8 ஜிபி. 2011இல் அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்த காலத்து மெஷின்கள் இன்னும் சில வீடுகளில் ஓடுகின்றன, அவற்றுக்கு ரேம் வாங்கப் போகிறவர்கள் உள்ளே இருப்பது ஸ்டார்ட்டரா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, கம்ப்யூட்டரை வேகமாக்க என்று வீடியோ பார்த்து யாரோ கை வைத்தது. சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் பூட் பக்கத்தில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதில் "மேக்ஸிமம் மெமரி" என்ற கட்டத்தை டிக் செய்தால் வேகம் கூடும் என்று ஒரு நம்பிக்கை பரவிக்கிடக்கிறது. கூடாது. அந்த டிக் ரேமுக்கு ஒரு உச்ச எல்லையைத்தான் போடுகிறது, இருப்பதைக் குறைக்க முடியுமே தவிர கூட்ட முடியாது. டிக் இருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். செகண்ட் ஹேண்ட் மெஷினில் முன்னால் வைத்திருந்தவர் என்ன செய்தார் என்று நமக்குத் தெரியாது, அதனால் இதையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

சிலர் இந்த இடத்தில் ஹார்ட் டிஸ்க்கை உதாரணம் காட்டுவார்கள், "500 ஜிபி டிஸ்க் 465 என்றுதானே காட்டுகிறது, அது மாதிரி 8 ஜிபி ரேமும் குறையும்" என்று. அது தவறு. டிஸ்க் தயாரிக்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது, அதனால் டிஸ்க்கில் அந்த வித்தியாசம். ரேமை இரண்டு பக்கமும் 1024ஆகவே எண்ணுகிறார்கள், 8 ஜிபி என்றால் 8192 எம்பி, இன்ஸ்டால்டு என்ற வரியில் அப்படியே முழுதாக வர வேண்டும். அங்கேயே 4 என்றோ 6 என்றோ வந்தால்தான் கடைக்காரரிடம் போய்ப் பேச வேண்டும்.

கிராஃபிக்ஸுக்குப் போன 2 ஜிபியைத் திரும்ப வாங்க முடியுமா என்றால், பல போர்டுகளில் முடியும். பயாஸில் அட்வான்ஸ்டு பகுதியில் "யுஎம்ஏ ஃப்ரேம் பஃபர் சைஸ்" என்றோ வீடியோ மெமரி சைஸ் என்றோ ஒரு வரி இருக்கும், ஆட்டோ, 512 எம்பி, 1 ஜிபி, 2 ஜிபி என்று தேர்வுகள் வரும். டேலி, எக்ஸெல், பிரவுசர், பில் பிரிண்ட், இவ்வளவுதான் உங்கள் வேலை என்றால் 512 தாராளம். கிராஃபிக்ஸுக்கு அதற்கு மேல் தேவைப்பட்டால் ஓடும்போது பொது ரேமிலிருந்து எடுத்துக்கொள்ளும், வேலை முடிந்ததும் விட்டுவிடும், பயாஸில் வெட்டிக் கொடுத்தது மட்டும்தான் எப்போதும் திரும்பாது. மாற்றுவதற்கு முன்னால் அந்தத் திரையைச் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வேறு எதையும் தொடாமல் சேவ் செய்து வெளியே வாருங்கள். பிராண்டட் ஆபீஸ் மெஷின்கள் சிலவற்றில் அந்த வரியே இருக்காது, தயாரிப்பாளர் பூட்டிவிடுகிறார்கள். உங்களுடையதில் இருக்குமா என்று மாடல் எண் தெரியாமல் என்னால் சொல்ல முடியாது. இருந்தால் செலவே இல்லாமல் ஒன்றரை ஜிபி கிடைத்துவிடும், அதனால் புது ஸ்டிக் வாங்குவதற்கு முன் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

இப்போது அந்த 1.7. இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவைலபிள் என்பது முழுக்கக் காலியாகக் கிடப்பது மட்டும் இல்லை. முன்பு திறந்த ஃபைல்கள் மறுபடி வேண்டியிருக்கலாம் என்று விண்டோஸ் ரேமிலேயே வைத்திருக்கும், யாராவது இடம் கேட்டால் உடனே அதை விட்டுக்கொடுத்துவிடும், அப்படி விட்டுக்கொடுக்கக்கூடியதும் அந்த 1.7க்குள் அடக்கம். உங்கள் ஆலையையே வைத்துச் சொன்னால், டிஸ்க் என்பது குடோன், ரேம் என்பது நெல்லைக் கொட்டி வேலை பார்க்கும் களம். களம் காலியாகக் கிடந்தால் லாபம் ஒன்றும் இல்லை, நெல் பரப்பியிருப்பதுதான் நல்லது. களத்தில் இடமே இல்லாமல், ஒரு மூட்டையை இறக்க இன்னொன்றைக் குடோனுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும் நிலை வந்தால்தான் வேலை நிற்கும். கம்ப்யூட்டரில் அப்படிப்பட்ட நிலையில் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், மவுஸ் நகரும் ஆனால் எதுவும் திறக்காது.

அந்த நிலை உங்களுக்கு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் ரேம் வாங்குவதைப் பற்றி முடிவு செய்ய வேண்டும். காலையில் மெஷினை ஆன் செய்து சும்மா பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். நெல் வரத்து அதிகமாக இருக்கும் நாளில், டேலியும் பிரவுசரும் எடைமேடை சாஃப்ட்வேரும் நீங்கள் வழக்கமாகத் திறக்கும் மற்றதும் திறந்திருக்கும்போது டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே நின்று, கூடவே டிஸ்க்கும் 100இல் நின்றால் ரேம் போதவில்லை. மெமரி 60, 65 என்று இருக்கும்போதே டிஸ்க் 100இல் நின்றால் ரேமில் பணத்தைப் போடாதீர்கள், அங்கே டிஸ்க்தான் மெதுவாக இருக்கிறது. பெர்ஃபார்மன்ஸ் பக்கத்திலேயே டிஸ்க் என்ற இடத்தில் எச்டிடி என்றோ எஸ்எஸ்டி என்றோ எழுதியிருக்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க் நேராகப் படித்தால் வினாடிக்கு 100 முதல் 150 எம்பி வரை கொடுக்கும், சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளைப் படிக்கச் சொன்னால் அதில் நூறில் ஒரு பங்குகூட வராது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி நேராகப் படிப்பதில் 500 எம்பி வரை போகும், சிதறிய துண்டுகளிலும் பெரிதாகத் தடுமாறாது. என் அனுபவத்தில், "ரேம் போட்டுக் கொடுங்கள், மெதுவாக இருக்கிறது" என்று வரும் பழைய மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்படுவது எஸ்எஸ்டிதான். உங்கள் பதிவில் டிஸ்க் எந்த வகை என்று இல்லை, அதனால் உங்களுக்கும் அப்படித்தான் என்று அடித்துச் சொல்லமாட்டேன். பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ரேமே வேண்டும் என்று தெரிந்துவிட்டால், எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எப்படி இருக்கிறது என்பது முக்கியம். ஒரே 8 ஜிபி ஸ்டிக்கா, இரண்டு 4 ஜிபியா? டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் "ஸ்லாட்ஸ் யூஸ்டு" என்று 2இல் 1, 4இல் 2 என்கிற மாதிரி காட்டும். இந்த வரியை மட்டும் முழுதாக நம்பாதீர்கள். சில போர்டுகளில் இரண்டு ஸ்லாட் மட்டுமே இருக்கும், பயாஸ் பட்டியலில் நாலு என்று எழுதி வைத்திருப்பார்கள், காலி ஸ்லாட் இருக்கிறது என்று ஸ்டிக் வாங்கி வந்து கேபினெட்டைத் திறந்தால் மாட்ட இடம் இருக்காது. சிபியு-இசட் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது, அதில் எஸ்பிடி என்ற பக்கத்தில் ஒவ்வொரு ஸ்லாட்டாகத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம், எத்தனை ஜிபி, எந்தக் கம்பெனி, என்ன வேகம் எல்லாம் வரும். அங்கே மெமரி பக்கத்தில் வேகம் 1200 என்றோ 1333 என்றோ காட்டினால், 2400 என்று சொல்லிப் பாதியைக் கொடுத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவை அனுப்புகிறது, அந்தக் கருவி துடிப்பைக் காட்டுகிறது, ஸ்டிக்கர் அனுப்பும் எண்ணிக்கையைக் காட்டுகிறது. 1200ஐ இரண்டால் பெருக்கினால் 2400.

எந்தக் கருவியையும்விடக் கண்ணால் பார்ப்பது உறுதி. கேபினெட்டைத் திறக்கப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ரேமைப் பார்ப்பது உள்ளே இருக்கும் வேலைகளிலேயே எளிது. ஷட் டவுன் செய்து, சுவரில் இருந்து ஒயரை உருவிவிட்டு, பவர் பட்டனைச் சில வினாடி அமுக்கிப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பக்கத் தகட்டைக் கழற்றி, எதையும் தொடுவதற்கு முன் கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பைக் கையால் தொட்டுக்கொள்ளுங்கள். சாக்கின் மேலோ பிளாஸ்டிக் விரிப்பின் மேலோ வைத்து இந்த வேலையைச் செய்ய வேண்டாம், உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சில்லைக் கெடுத்துவிடும். ப்ராசஸர் ஃபேனுக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு மேல் பச்சையாகவோ கருப்பாகவோ நிற்கும் பட்டைதான் ஸ்டிக். கழற்றாமலே அதன் ஸ்டிக்கரை டார்ச் அடித்துப் படம் எடுத்துவிடலாம்.

ஸ்டிக்கரில் இருப்பதைப் படிக்கத் தெரிந்தால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. 8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2400 என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். முதலில் இருப்பது அளவு. பிசி4 என்றால் டிடிஆர்4, பிசி3 என்றால் டிடிஆர்3, பிசி3எல் என்றால் குறைந்த வோல்டேஜில் ஓடும் டிடிஆர்3. அதற்குப் பின்னால் வேகம். பழைய ஸ்டிக்கில் பிசி3-12800 என்று பெரிய எண்ணாக இருக்கும், அதை 8ஆல் வகுத்தால் 1600, அதுதான் வேகம். டிடிஆர்3க்கு 1.5 வோல்ட், குறைந்த வோல்டேஜ் வகைக்கு 1.35, டிடிஆர்4க்கு 1.2, டிடிஆர்5க்கு 1.1. டெஸ்க்டாப் டிடிஆர்3இல் 240 பின், டிடிஆர்4இலும் டிடிஆர்5இலும் 288 பின், ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு ஒவ்வொன்றுக்கும் வேறு இடத்தில் இருக்கும், ஒன்று இன்னொன்றின் ஸ்லாட்டில் உட்காராது. உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள், தவறான ஸ்டிக் என்று அர்த்தம். வெட்டு பொருந்தி, இரண்டு முனையிலும் அழுத்தினால் கிளிக் என்று பூட்டு தானாக மேலே வந்து பிடித்துக்கொள்ளும். உங்கள் மெஷின் முதல் தலைமுறைகளின் ரைசன் என்றால் டிடிஆர்4ஆகத்தான் இருக்கும், ஆனாலும் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

ஒரு ஸ்டிக்தான் இருக்கிறது என்றால், இரண்டாவதாக அதே அளவில் ஒன்று சேர்ப்பதில் அளவைத் தாண்டி ஒரு லாபம் இருக்கிறது. இரண்டு ஸ்டிக்கும் இணையாக ஓடும்போது தரவு போகும் பாதை இரட்டிப்பாகிறது, கிராஃபிக்ஸும் அதே ரேமைப் பங்குபோடும் உங்கள் மாதிரி மெஷினில் அது திரையில் தெரியும். டேலியில் பெரிய வித்தியாசம் இருக்காது என்றே நினைக்கிறேன். வேகம் வேறாக இருந்தாலும் ஓடும், இரண்டில் மெதுவானதன் வேகத்தில் இரண்டும் ஓடும். வேறு கம்பெனி ஸ்டிக்கைக் கலந்து போடுவது பெரும்பாலும் ஒத்துவரும், எப்போதாவது ஒத்துவராமல் மெஷின் ஆன் ஆகாமலோ நடுவில் நின்றோ போகும். அதை முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது, அதனால் மாற்றிக் கொடுப்பேன் என்று சொல்லும் கடையில் வாங்குங்கள். மதுரையிலோ திருச்சியிலோ சென்னை ரிச்சி தெருவிலோ விலை குறைவு என்று போவார்கள். ரேமைப் பொறுத்தவரை திருப்பிக் கொடுக்கப் பக்கத்தில் ஒரு கடை இருப்பது அந்த விலை வித்தியாசத்தைவிட மேல் என்பது என் கருத்து.

ஆலை என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். புதுவயல் ஆலைகளில் இருந்து வரும் மெஷின்களில் நான் பார்க்கும் ரேம் கோளாறுகளில் ஸ்டிக் கெட்டுப்போனது குறைவு, தூசிதான் அதிகம். உமித் தூசி வறண்டது, பிரஷ்ஷால் தட்டினால் போய்விடும். தவிட்டுத் தூசி அப்படி இல்லை, தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, நெல் அவிக்கும் ஆலையில் நீராவியும் சேர்ந்துகொள்ளும், ஸ்லாட்டுக்குள் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். அப்போது மெஷின் ஆன் ஆகும், திரை வராது, பீப் பீப் என்று கத்தும், அல்லது ஒருநாள் திடீரென்று 8 இருந்த இடத்தில் 4 காட்டும். உடனே புது ரேம் வாங்காமல் ஸ்டிக்கைக் கழற்றி, தங்க நிறப் பற்களை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் மாட்டிப் பாருங்கள். பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் ஊரில் எல்லோரும் செய்வது, வேலை செய்யும்தான், ஆனால் அடிக்கடி தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும் என்பதால் எனக்கு அது இரண்டாம்பட்சம். உப்புத்தாள் மட்டும் கூடவே கூடாது. புளோயர் வைத்து ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தறிகெட்டுச் சுழன்றால் கெட்டுவிடும்.

உங்களுக்குத் தேவையில்லை என்றாலும் மற்றவர்களுக்காகச் சில வரிகள். லேப்டாப் என்றால் பார்க்கும் இடங்கள் எல்லாம் இதேதான். டாஸ்க் மேனேஜரில் "ஃபார்ம் ஃபேக்டர்" என்ற வரியில் எஸ்ஓடிம் என்று இருந்தால் கழற்றி மாற்றும் சின்ன ஸ்டிக், "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் போர்டிலேயே பற்றவைத்தது, அதை மாற்ற முடியாது. லினக்ஸில் டெர்மினலைத் திறந்து ஃப்ரீ என்ற கட்டளையோடு ஒரு கோடும் எச்சும் சேர்த்து அடித்தால் வரும் டோட்டல், மாட்டியிருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும், கெர்னலும் கிராஃபிக்ஸும் எடுத்தது போக மிச்சம் அது. அங்கே ஃப்ரீ என்ற பத்தியைப் பார்த்துப் பதறாமல் அவைலபிள் பத்தியைப் பாருங்கள். ஸ்டிக் வாரியாக வேண்டும் என்றால் டிஎம்ஐடிகோட் என்ற கட்டளை இருக்கிறது, அதுவும் பயாஸ் பட்டியலைத்தான் படிக்கிறது. மேக்கில் ஆப்பிள் மெனுவில் முதல் வரியைத் திறந்தால் போதும்.

கடைசியாக, கடைக்காரர் போலி ஸ்டிக் கொடுத்திருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சின்னச் சில்லில் எழுதியிருப்பதைத் திருத்தி எழுத முடியும், அதனால் கொள்கையளவில் எந்தக் கருவி காட்டும் எண்ணும் நூறு சதவீத உறுதி கிடையாது. நடைமுறையில் பென் டிரைவிலும் மெமரி கார்டிலும் இந்த மோசடி நிறையப் பார்க்கிறேன், டெஸ்க்டாப் ரேமில் அளவைப் பொய்யாகக் காட்டியதை நான் பார்த்ததில்லை; ஒரு கம்பெனி ஸ்டிக்கரை இன்னொன்றின் மேல் ஒட்டியதைத்தான் பார்த்திருக்கிறேன். அளவு பொய்யாக இருந்தால், இல்லாத இடத்தில் எழுதப் போகும்போது மெஷின் நீலத்திரை காட்டி விழுந்துவிடும், ரொம்ப நாள் மறைக்க முடியாது. சந்தேகம் தீர வேண்டும் என்றால் ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி ஓடவிடுங்கள். ரீஸ்டார்ட் ஆகி ரேம் முழுவதையும் எழுதிப் படித்துப் பார்க்கும். இன்னும் கடுமையாகச் சோதிக்க மெம்டெஸ்ட்86 ப்ளஸ் என்பதைப் பென் டிரைவில் போட்டு, அதிலிருந்தே மெஷினை ஆன் செய்து இரவு முழுக்க விட்டுவிடலாம், ஆலையில் மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்து, யுபிஎஸ்ஸில் வைத்து. சிவப்பில் ஒரு வரி வந்தாலும் ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனியே மாட்டி மறுபடி ஓடவிட்டால் எது கெட்டது என்று தெரிந்துவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கடை எத்தனை நாள் வாரண்டி கொடுத்திருக்கிறதோ, அதற்குள் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தையும் ஸ்டிக்கின் ஸ்டிக்கரையும் படம் எடுத்து மெஷின் மாடல் எண்ணோடு இங்கே போட்டால், பயாஸில் அந்த வீடியோ மெமரி வரி எங்கே இருக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.